பையன் ஞானி ஆகவில்லை அம்மா, சாப்பிடாமல் இருக்கிறான்

பர்மாவின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் விடுமுறை முடிந்த கையோடு யாங்கோனில் என் கிளினிக்குக்குச் சிலர் தவறாமல் வருவார்கள். தண்ணீர் விளையாட்டை விட்டுவிட்டு தியான முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும். இந்த வருடமும் வந்தார்கள். "டாக்டர், பையனுக்கு ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. இனிப்பும் கசப்பும் ஒண்ணுதாம்மாங்கிறான்" என்று ஓர் அம்மா சொன்னார். குரலில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். பையனைப் பார்த்தேன். லோஞ்சி, அதாவது கைலி, இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தான். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறான், குளிக்கக்கூடத் தோன்றுவதில்லை. விசாரித்தால் இதெல்லாம் முகாமுக்குப் போவதற்கு முன்பே ஆரம்பித்திருக்கிறது.

இதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். மருந்து இருக்கிறது, குணமாகும்.

எனக்கு ஆத்திரம் வருவது நோயால் அல்ல. அதற்குச் சூட்டப்படும் மாலையால்தான். போனில் வரும் ஜென் துணுக்குகளைப் படித்துவிட்டு, "இருமை கடந்தால் (இன்பம், துன்பம் என்ற பிரிவைத் தாண்டினால்) எதுவும் தோன்றாது" என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மையங்கள் சொல்லித்தருவது விபாசனா என்ற பௌத்தத் தியான முறை, ஜென் சீனா, ஜப்பான் பக்கத்து வேறு பௌத்த மரபு. அது இருக்கட்டும். ஜென்காரர்களே என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

சீனத்து ஜென் மரபில் ஒரு பாட்டி கதை உண்டு. இருபது வருடம் ஒரு துறவிக்குக் குடிசை கட்டிக்கொடுத்துச் சோறு போட்டவள். ஒருநாள் ஓர் இளம்பெண்ணை அனுப்பி, அவரைக் கட்டிப்பிடித்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்கச் சொன்னாள். குளிர்காலப் பாறையில் நிற்கும் பட்டமரம் மாதிரி, கொஞ்சமும் சூடில்லை என்றார் துறவி. நம் வீடுகளில் என்றால் காலில் விழுந்திருப்போம். பாட்டியோ, இவனுக்கா இத்தனை வருடம் சோறு போட்டேன் என்று அவரை விரட்டிவிட்டுக் குடிசையையே கொளுத்தினாள். அவர் அந்தப் பெண்ணை அணைத்திருக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிரில் நிற்பவள் ஒரு மனுஷி, அவளுக்கும் ஒரு மனசு உண்டு என்கிற கரிசனம்கூட அந்தப் பதிலில் இல்லையே என்பதுதான் அவள் கோபம். மரத்துப்போவதை ஜென் ஞானக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜென்னில் மலை பற்றிய பேச்சும் அப்படித்தான். சிங்யுவான் வெய்ஷின் என்ற சீனத் துறவி, முதலில் மலை மலையாகத் தெரிந்தது, பிறகு மலை மலையாக இல்லை, கடைசியில் மலை மறுபடி மலையாகவே தெரிந்தது என்றார். நம் ஆட்கள் இரண்டாவது படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுகிறார்கள். மூன்றாவது படியில் இனிப்பு இனிக்கும், கசப்பு கசக்கும், பசித்தால் பசிக்கும். இரண்டில் ஒன்றைப் பிடித்துத் தொங்கும் பிடிவாதம்தான் அங்கே இருக்காது.

பர்மாவில் எல்லோரும் மதிக்கும் விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலும் இதைச் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதியது. சமநிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பகை என்று அவர் காட்டுவது அறியாமையால் வரும் அலட்சியத்தை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படிச் சோர்ந்துபோவார்கள் என்பதால், என் வேலையில் முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுப்பேன். சில வீடுகளில் கொண்டாடப்பட்ட வைராக்கியம் தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்ஸின் மாத்திரையில் கரைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

தியானத்துக்கு நான் விரோதி இல்லை. ஆனால் ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முகாமில் பெயர் கொடுக்கும்போதே அதைச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியத்தையோ வலிப்பு மாத்திரையையோ "பத்து நாள்தானே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், நிறுத்தாமல் பேசி, காசை வாரி இறைப்பவர் பரவசத்தில் இல்லை, அதுவும் நோய்தான். காதில் குரல் கேட்கிறது என்றால் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். இதில் வெட்கம் என்ன? ஜப்பானின் பெரிய ஜென் குரு ஹகுயினுக்கே கடும் தியானத்தால் உடம்பும் மனமும் கெட்டுப்போனது. வைத்தியம் தேடிப் போனதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பெற்றவர்களே, சாப்பாடு, தூக்கம், குளியல், வேலை, இந்த நான்கையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சரிந்தே இருந்தால், பிள்ளை என்ன தத்துவம் பேசினாலும் சரி, அழைத்து வாருங்கள்.

"வாழ்ந்தாலும் செத்தாலும் ஒண்ணுதான்" என்ற பேச்சு வந்தால் மட்டும் இரண்டு வாரமெல்லாம் பார்க்க வேண்டாம். "சாகணும்னு நினைப்பு வருதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாவையும் பூட்டிவையுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள். சயாடோவிடம் (குருவான பிக்குவிடம்) கேட்டுவிட்டு வருகிறோம் என்றால், அவரிடம் போனில் கேட்டுக்கொண்டே வாருங்கள்.