தீனியில் புரதத்தைக் குறைத்தால் பன்றிக்குக் கொழுப்பு ஏறுவது ஏன்?

"சோயா விலை கட்டவில்லை. சோளனையும் தவிட்டையும் கூட்டினேன், முதுகுக் கொழுப்புத்தான் தடிக்குது. கார்னிற்றீன் பொடி போட்டால் கரையுமா?" என்று செங்கலடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

லைசின் என்பது தசைப் புரதத்தைக் கட்டத் தேவையான ஓர் அமினோ அமிலம். சோளனில் அது ஏறத்தாழ 0.25%, சோயாப் புண்ணாக்கில் 3% அளவில். லைசின் தீர்ந்ததும் தசை கட்டும் வேலை நின்றுவிடும். தசைக்குப் போகாத சக்தி பெரும்பாலும் கொழுப்பாகிறது. புரதம் குறைந்தால் நைதரசனை யூரியாவாக்கிக் கழிக்கும் செலவும் மிச்சம். அந்த மிச்சமும் அங்கேதான் போய்ச் சேரும்.

இனிக் கார்னிற்றீன். நீண்ட கொழுப்பமிலம் எரிவதற்கு, உயிரணுவின் சக்தி அடுப்பான இழைமணிக்குள் போகவேண்டும். தனியே போகாது, கார்னிற்றீன்தான் கூட்டிப்போகும். ஆனால் வாசலில் ஒரு படலை இருக்கிறது. மாச்சத்து மிஞ்சும்போது உடல் கொழுப்பைக் கட்டத் தொடங்கும். அதன் முதற்படியில் உண்டாகும் மலோனைல்-கோஏ என்ற மூலக்கூறே அந்தப் படலையைச் சாத்துகிறது. கட்டுவதும் எரிப்பதும் ஒரே நேரத்தில் நடந்து வீணாகாதபடி என்ன அழகான ஏற்பாடு! மாச்சத்து நிறைந்த தீனிக்கு மேலே பொடியைக் கொட்டினாலும் படலை சாத்தியே கிடக்கும். இன்னொன்று: உடல் தானாகக் கார்னிற்றீன் செய்வதே லைசினிலும் மெதியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலும் இருந்துதான். 'கொழுப்பைக் கரைக்கும்' என்று எழுதிய டின்னுக்குக் கொடுக்கும் காசில் லைசின் வாங்கலாம்.

1000 கிலோ தீனியில் 50 கிலோ சோயாவை எடுத்துவிட்டு, 48.5 கிலோ சோளனும் 1.5 கிலோ லைசின் ஐதரோகுளோரைட்டும் போடுங்கள். புரதம் 1.7 சதவீதப் புள்ளியளவு இறங்கும், லைசின் இறங்காது. இதற்கு மேலும் சோயாவைக் குறைத்தால் திரியோனின், திரிப்தோபன், மெதியோனின் ஆகிய மற்ற அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும்; அவற்றையும் சேர்க்காமல் லைசினை மட்டும் கூட்டிப் பயனில்லை. சோயாவுக்குப் பதில் தேங்காய்ப் புண்ணாக்கு என்பதும் சரிவராது. புரதம் 20% இருந்தாலும் அதில் லைசின் குறைவு.

தவிட்டைக் கூட்டிக்கொண்டே போனால் அதன் எண்ணெய் பன்றியின் கொழுப்பை இளக வைக்கும், இறைச்சியின் மதிப்பு இறங்கும். அம்பாறை ஆலைத் தவிட்டில் உமி எவ்வளவு கலக்கிறது என்பது ஆலைக்கு ஆலை வேறு. அதை அளந்து வெளியிட யாராவது பணம் ஒதுக்கினால், புதுப் பொடிகளைச் சோதிப்பதைவிட நமக்குப் பயன்.

100 கிலோ கலப்பதென்றால் லைசின் ஐதரோகுளோரைட்டு 150 கிராம். முதலில் 2 கிலோ சோளன் மாவில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் விரவி, பிறகு குவியலில் சேருங்கள். நேரே கொட்டினால் ஒரு தொட்டியில் அள்ளிக் கிடக்கும், அடுத்த தொட்டியில் இருக்காது.