‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’

குடித்துவிட்டு வண்டிச் சாவியைக் கையில் எடுப்பவரிடம் "இப்ப ஓட்டாத, வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் தெரிந்திருக்கும்: "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்." அவர் சமாளிக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மனதார நம்பித்தான் சொல்கிறார். ஆபத்தே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. ஒருவர் நிதானமாக இருக்கிறாரா என்று உள்ளிருந்து பார்த்துச் சொல்ல வேண்டிய மூளைப் பகுதியும் அதே ஆல்கஹாலில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. கைகால் தள்ளாடத் தொடங்கும் முன்பே அந்தப் பகுதி தள்ளாடத் தொடங்கிவிடுகிறது.

மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரில் எளிதாகக் கலக்கும். கொழுப்பாலான செல் சவ்வுகளையும் ஊடுருவும். அதனால் உடம்புக்குள் அதற்குப் பூட்டிய கதவு என்று ஒன்று கிடையாது. கண்ட பொருளும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாமல் காக்கும் தடுப்புச் சுவரைக்கூடச் சிரமமின்றித் தாண்டிவிடுகிறது. உணவைப் போல அதைச் செரிக்க வேண்டியதும் இல்லை. இரைப்பையில் கொஞ்சமும் சிறுகுடலில் மீதியுமாக அப்படியே ரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிறானால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். சாப்பிட்டிருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாவதால் உச்சம் தள்ளிப்போகும், சற்றுத் தணியவும் செய்யும். ஆனால் குடித்ததில் பெரும்பகுதி எப்படியும் ரத்தத்துக்கு வந்தே சேரும்.

இதிலிருந்தே முதல் ஏமாற்றம் தொடங்குகிறது. கடைசி கிளாஸைக் கீழே வைத்த கையோடு கிளம்புகிறவருக்குப் போதை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. வண்டியை எடுக்கும்போது இருக்கும் நிலைமையை வைத்து "சமாளிச்சிடலாம்" என்று அவர் முடிவு செய்கிறார். இருபது நிமிடம் கழித்துச் சாலையின் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கப்போவது அந்த நிலைமையில் இருந்த ஆள் அல்ல.

மூளைக்குள் போன ஆல்கஹால் என்ன செய்கிறது? நரம்பு செல்கள் ஒன்றையொன்று அடக்கப் பயன்படும் முக்கிய வேதிப்பொருள் காபா. தூண்டப் பயன்படுவது குளூட்டமேட். ஆல்கஹால் முன்னதன் செயலைக் கூட்டுகிறது, பின்னதன் செயலைக் குறைக்கிறது. மொத்தத்தில் மூளை மந்தமாகிறது. அப்படியானால் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் ஆள் ஏன் கலகலப்பாகிறார்? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான் நம் ஆசைகளுக்கும் அவசரங்களுக்கும் கடிவாளம். தவறு நடந்தால் சுட்டிக்காட்டுவது, விளைவை யோசிப்பது, 'இப்போது வேண்டாம்' என்று நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. அது மந்தமானால் வெளியே தெரிவது சோர்வு அல்ல, துணிச்சல். அதனால்தான் குடித்தவர் மெதுவாக ஓட்டுவார் என்று எதிர்பார்க்க முடிவதில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் இருவரும் 1990-ல் இதற்கு 'ஆல்கஹால் கிட்டப்பார்வை' என்று பெயர் வைத்தார்கள். போதையில் மனம் கண்ணெதிரே இருப்பதை மட்டும் பற்றிக்கொள்கிறது. சற்றுத் தள்ளி இருப்பது மங்கிவிடுகிறது. 'சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்' என்பது பக்கத்தில் இருக்கும் எண்ணம். 'வழியில் யாராவது குறுக்கே வரலாம்' என்பது தூரத்தில் இருக்கும் எண்ணம். எது ஜெயிக்கும் என்பது சாவியைப் பிடுங்கப் போராடியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது கண். சாலையில் நகரும் பொருளை நம் கண்கள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தொடர்ந்து பின்தொடர்கின்றன. ஆல்கஹால் இந்த வழுக்கலைக் கெடுத்துவிடுகிறது. கண் சிறுசிறு தாவல்களாகத் தாவிப் பொருளைத் துரத்துகிறது. சில நாடுகளில் போலீஸார் ஒரு பேனாவை முகத்துக்கு முன்னால் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திக் கண்மணிகள் துடிக்கின்றனவா என்று பார்ப்பது இதற்காகத்தான். வேண்டுமென்றே நிறுத்த முடியாத துடிப்பு அது. இரவில் எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் பட்டுக் கூசிய கண் மறுபடி தெளியவும் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

காதுக்குள் நடப்பது இதைவிட வியப்பானது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம், திரவத்துக்குள் ஜெல்லி போன்ற ஒரு சின்ன மடல். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கி மடலைத் தள்ளும். அதைக் கொண்டே மூளை 'தலை திரும்புகிறது' என்று அறிகிறது. திரவத்துக்கும் மடலுக்கும் அடர்த்தி ஒன்றாக இருப்பதால் புவியீர்ப்பு மட்டும் மடலை அசைக்காது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ரத்தத்திலிருந்து அது முதலில் மடலுக்குள் புகுகிறது, திரவத்துக்குள் போய்ச்சேரத் தாமதமாகிறது. லேசாகிப்போன மடல் மிதக்க ஆரம்பிக்கிறது. குடித்துவிட்டுப் படுத்தவருக்குக் கட்டிலோடு அறையே சுற்றுவது இதனால்தான். சில மணி நேரம் கழித்து இதே கூத்து தலைகீழாக நடக்கும். மடலிலிருந்து ஆல்கஹால் முதலில் வெளியேறிவிடும், திரவத்தில் தங்கியிருக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் கிட்டத்தட்டத் தீர்ந்த பிறகும் இந்த இரண்டாவது கோளாறு நீடிப்பதுண்டு. சமநிலையை நம்பியே ஓடும் இருசக்கர வண்டியில் ஏறுகிறவர் இதை ஒரு கணம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. உலர்ந்த சாலை, நல்ல பிரேக். நிதானமாக இருப்பவர் ஆபத்தைக் கண்டு ஒரு விநாடியில் பிரேக்கை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிதிக்கும் முன் 17 மீட்டர், மிதித்த பின் சுமார் 20 மீட்டர், ஆக 37 மீட்டரில் வண்டி நிற்கும். 37 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்தால், மயிரிழையில் நின்றுவிடும். அதே வண்டி, அதே வேகம். குடித்தவருக்கு அரை விநாடி தாமதம். 'எட்டு மீட்டர்தானே' என்று தோன்றும். ஆனால் அவர் பிரேக்கை மிதிக்கும்போதே 25 மீட்டர் கடந்திருப்பார். மீதமுள்ள 12 மீட்டரில் வேகம் எவ்வளவு குறையும்? குழந்தையைத் தொடும்போது வண்டி இன்னும் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது முதல் சில மீட்டர்களில் வேகம் அதிகம் இறங்குவதில்லை, கடைசி மீட்டர்களில்தான் மளமளவென்று இறங்குகிறது. அந்தக் கடைசி மீட்டர்களைத்தான் அரை விநாடி தின்றுவிடுகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது தவறு செய்துவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். தவறில்லை.

உண்மையில் ஓட்டுவது பிரேக் மட்டுமல்ல. கண்ணாடியைப் பார்க்க வேண்டும், முன்னால் போகும் வண்டியின் வேகத்தைக் கணிக்க வேண்டும், ஓரத்தில் நிற்பவர் காலை எடுத்து வைப்பாரா என்று ஊகிக்க வேண்டும். ஆல்கஹால் மிகக் குறைந்த அளவிலேயே குலைப்பது, இப்படிக் கவனத்தைப் பலவற்றுக்குப் பங்கிடும் இந்தத் திறனைத்தான். நேரான வெறிச்சாலையில் குடித்தவர் ஒழுங்காக ஓட்டிக் காட்டவும் கூடும். வழக்கமாகக் குடிப்பவர்கள் 'எனக்குப் பழக்கம்' என்று சொல்வதிலும் அரை உண்மை உண்டு. பழகிய செயலைப் போதையிலும் செய்ய மூளை கற்றுக்கொள்கிறது. எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை.

மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிவிட்டு "தெளிஞ்சிடுச்சு, கிளம்பறேன்" என்பவர் இன்னொரு வகை. ஆங்கிலேய மருத்துவர் எட்வர்டு மெல்லன்பி 1919-ல் நாய்களை வைத்து ஆராய்ந்தபோது, ரத்தத்தில் ஆல்கஹால் ஏறும்போது இருக்கும் தள்ளாட்டம் அதே அளவுக்கு இறங்கும்போது குறைவாக இருப்பதைக் கண்டார். போதை இறங்கும்போது உடம்பு தேறிவிட்டதுபோல் காட்டும். பிற்காலத்தில் மனிதர்களிடம் நடத்திய சோதனைகள் இதில் ஒளிந்திருந்த பொறியைக் காட்டின: 'எனக்குப் போதை இல்லை' என்ற உணர்வு சீக்கிரம் திரும்பிவிடுகிறது, ஓட்டும் திறன் அதே வேகத்தில் திரும்புவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில்தான் "ஸ்டெடியாத்தான் இருக்கேன்" மிக உறுதியான குரலில் வருகிறது.

உண்மையான தெளிவு கல்லீரலின் கையில் இருக்கிறது. அங்குள்ள நொதி ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், மற்றொரு நொதி அதை அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. முதல் நொதி கொஞ்சம் குடித்தாலே முழு வேகத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் அதன் வேகம் பெரிதாகக் கூடாது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம், சராசரியாக 15 என்ற கதியில் அது வேலை பார்க்கிறது. காபி தூக்கத்தை விரட்டும், கல்லீரலை விரட்டாது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் வாந்தி எடுப்பதும் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்ததை ஒன்றும் செய்யாது. நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவோடு தூங்கப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் குளித்துப் பளிச்சென்று வேலைக்குக் கிளம்பும்போது அவர் ரத்தத்தில் இன்னும் 45 மில்லிகிராம் இருக்கும். பத்து மணிக்குத்தான் பூஜ்ஜியம். 'நேற்று ராத்திரி குடிச்சேன்' என்று அவர் நினைக்கிறார். இந்தியச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். அந்த வரம்பு ஸ்வீடனில் 20, இங்கிலாந்தில் 80. இந்த எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் 80 வரை பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், குடிக்காதவரோடு ஒப்பிட்டால் 50 மில்லிகிராமில் விபத்து வாய்ப்பு இரண்டு மடங்கு, 80-ல் ஏறத்தாழ நான்கு மடங்கு, 150-ல் பன்னிரண்டு மடங்கு. ஏணிபோல ஏறுவதில்லை, மலைபோலச் செங்குத்தாகிறது.

உள்ளிருக்கும் சாட்சி பிறழும் என்பதால் வெளியே ஒரு சாட்சி தேவைப்பட்டது. 1897 செப்டம்பரில் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒரு கட்டடத்தில் மோதிக் கைதானார். மோட்டார் வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைதான முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். அன்று ஆளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடிந்தது. ரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று 1936-ல் நார்வே எண்ணாகவே சட்டத்தில் எழுதியது. 1954-ல் அமெரிக்கரான ராபர்ட் போர்கென்ஸ்டைன், ஊதினால் அளவு சொல்லும் கருவியைச் செய்தார். மூச்சில் ஆல்கஹால் இருந்தால் அந்தக் கருவிக்குள் இருக்கும் டைக்ரோமேட் என்ற வேதிப்பொருளின் மஞ்சள் கரைசல் பச்சைக்கு மாறும். இன்றைய கையடக்கக் கருவிகள் பலவற்றில் பிளாட்டினம் மின்வாய் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து, கிடைக்கும் மின்னோட்டத்தை அளக்கிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லிலிட்டர் காற்றில் இருக்கும் ஆல்கஹால், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்பது கணக்கு. வாயில் எதையாவது மென்று நாற்றத்தை மறைக்கலாம். நுரையீரலை மறைக்க முடியாது. சில நாடுகளில் இந்தக் கருவியை வண்டியின் இக்னிஷனோடு இணைத்துவிடுகிறார்கள். ஊதி, அளவு சரியாக இருந்தால்தான் இன்ஜின் கிளம்பும். 'எப்படி இருக்கிறாய்?' என்று அது ஓட்டுநரைக் கேட்பதே இல்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். ஐந்து வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து. குடிக்காமல் ஓரமாக நடந்துபோனவர்களும், ஓட்டுநரை நம்பிப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

உயிர் பிழைத்து மருத்துவமனைக்கு வந்தாலும் ஆல்கஹால் விடுவதில்லை. தலையில் அடிபட்டவருக்குக் குழறல், வாந்தி, மயக்கம், தள்ளாட்டம் எல்லாம் மூளையில் ரத்தக்கசிவின் அறிகுறிகள். அத்தனையும் போதையின் அறிகுறிகளும்தான். எது எதனால் என்று பிரிக்க முடியாமல் அவசரப் பிரிவில் மருத்துவர்கள் திணறுகிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகிறது. இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயம் வேறு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டும் ஒரு வகைக் காயத்தில், அடிபட்டவர் சிறிது நேரம் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். எழுந்து உட்காருவார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். பிறகு சட்டென்று நினைவு தவறும். சாராய நெடியோடு படுத்திருக்கும் ஒருவர் "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று சொல்லும்போது, பதில் பேசாமல் ஸ்ட்ரெச்சரை ஸ்கேன் அறைக்குத் தள்ளச் சொல்கிறார்கள்.