கதிரியக்கமா, கதிர்வீச்சா?

கோத்தகிரியில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவருக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். அப்புறம் கோவையில் 25 நாள் சிகிச்சை. விடியற்காலையில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிப் போய், இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார். பேரன் ஓடி வந்து மடியில் ஏறினால் இறக்கி விடுகிறார். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. ஏன் என்று கேட்டேன். மடித்து வைத்திருந்த ஒப்புதல் படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினார். ‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

“கூடங்குளம் நியூஸ்லயும் இதே வார்த்தைதானே கண்ணு வருது? சின்னப் புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?”

அவர் பயந்ததில் தப்பே இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் பயப்படுவார்கள். தப்பு படிவத்தில்.

முதலில் சொல்லின் பூர்வீகம், சுருக்கமாக. லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கீற்றுக்கும் அதே பெயர். நமக்கோ கதிர் என்றால் நெற்கதிரும் உண்டு, வெயில் கதிரும் உண்டு. 1895-இல் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896-இல் பெக்கரல், யுரேனிய உப்பு தானாகவே ஏதோ கதிரை விடுவதைப் பார்த்தார். அந்தத் ‘தானாகவே’ குணத்துக்கு 1898-இல் கியூரி தம்பதி வைத்த பெயரைத்தான் நாம் கதிரியக்கம் என்கிறோம். ஆக, கதிரியக்கம் என்பது பொருளின் குணம். கதிர்வீச்சு என்பது அதிலிருந்தோ வேறு எதிலிருந்தோ கிளம்பி வருவது.

இப்போது அக்கா படுத்திருந்த எந்திரத்துக்கு வருவோம். லீனியர் ஆக்சிலரேட்டர். எலக்ட்ரான்களை மின்சாரத்தின் பலத்தில் விரட்டி, ஒரு உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிரை எடுக்கிறார்கள். கதிரைத் தர உள்ளே கதிரியக்கப் பொருள் எதையும் வைப்பதில்லை. ஸ்விட்சை நிறுத்தினால் கதிரும் நின்றது. எழுந்து வெளியே வருபவர் உடம்பிலிருந்து எதுவும் வீசாது. நம் ஊர்களில் இந்தச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கென்னவோ படிவத்தை மொழிபெயர்த்தவரைவிடக் கரண்ட் என்றவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று படுகிறது. மூளைக்கு ஷாக் கொடுப்பதையும் கரண்ட் என்றே சொல்வதால் குழப்பம் வரும், அவ்வளவுதான்.

இதை ஒரு மொழிபெயர்ப்பாள நண்பரிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. இதே சிகிச்சைக்கு முன்பு கோபால்ட் எந்திரம் இருந்த காலத்தில் வந்த சொல், அதில் இருப்பது கதிரியக்கப் பொருள்தானே, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கோபால்ட்-60 கதிரியக்கப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கதிரியக்கம் எந்திரத்தின் தலைக்குள் ஈயக் கவசத்தில் இருக்கிறது. நோயாளிக்கு வந்து சேர்வது கதிர்வீச்சு மட்டும். மார்கழிக் குளிரில் நாம் கணப்பில் கை காய்கிறோம். கை சூடாகிறது. கையே கங்காகிவிடுவதில்லையே! பழைய எந்திரத்துக்கே பொருந்தாத சொல்லைப் புதியதற்கும் ஒட்டவைத்தால் எப்படி?

நண்பர் விடவில்லை. ‘இயக்கம்’ என்றால் இயக்குவது, கதிரால் இயக்கப்படும் சிகிச்சை என்று பொருள் கொள்ளலாமே என்றார். சறுக்கல் தொடங்கும் இடமே இதுதான். இயக்கம் என்ற சொல் நமக்கு மோட்டாரையும் கட்சியையும் நினைவூட்டுகிறது. ஒரு பொருள் சும்மா இருந்தபடியே கதிரை விடும் என்ற கருத்து அதில் பாதிதான் ஒலிக்கிறது. அதற்காக இப்போது அதை மாற்றச் சொல்லவில்லை, பாடநூலில் வேர் பிடித்துவிட்டது. உரிய இடத்தில் வையுங்கள் என்கிறேன்.

சட்டம்கூட இரண்டையும் கலக்கவில்லை. 1962-இல் வந்த அணுசக்திச் சட்டம் கதிர்வீச்சைத் தனியாகவும், தானாகவே கதிரை விடும் கதிரியக்கப் பொருளைத் தனியாகவும் வரையறுத்தது. இன்னொரு வேடிக்கை: ரேடியோ அலையையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அந்தச் சட்டம் கதிர்வீச்சாகவே கணக்கில் எடுக்கவில்லை. இயற்பியலில் இரண்டும் கதிர்வீச்சுதான், அதன் ஆசிரியர் கேட்டால் சண்டைக்கு வருவார். ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் தொலைநோக்கி வாங்குவது அந்த ரேடியோ அலையைத்தான். அதற்கும் ‘வானொலித் தொலைநோக்கி’ என்று பெயர் வைத்து, ஒலி கேட்கும் கருவியாக்கி விட்டார்கள். சரி, அது வேறு வழக்கு.

2004-இல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் நுணுக்கமானவை. அக்கா படுத்த எந்திரத்துக்கு லைசென்ஸ் வேண்டும். சாதாரண எக்ஸ்ரே எந்திரத்துக்குப் பதிவு போதும். தமிழில் செய்தி எழுதுபவர்கள் எல்லாவற்றையும் ‘அனுமதி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். உரிமம், பதிவு என்று சொல் இருக்கிறது. எடுத்துப் போட என்ன சிரமம்?

உண்மையில் கதிரியக்கம் என்று சொல்லவேண்டிய இடம் அணு மருத்துவம். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுத்தால், மருந்தே கதிரியக்கப் பொருள். அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். மருந்து வாங்கியவர் சில நாளைக்குக் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளித்தான் இருக்கவேண்டும். ‘அணுக்கரு மருத்துவம்’ என்பதே சரி என்று சிலர் திருத்துகிறார்கள். இலக்கணப்படி சரிதான், பலகையில் அணு மருத்துவம் என்றிருப்பதால் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த மருந்தைக் ‘கதிரியக்க மருந்து’ என்று ஒளிக்காமல் சொன்னால் போதும். இரண்டு சிகிச்சைக்கும் ஒரே பெயர் வைத்தால், பயப்படத் தேவையில்லாதவர் பேரனைத் தள்ளி வைப்பார். ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவர் தூக்கிக் கொஞ்சுவார்.

பத்திரிகையில் ‘கதிரியக்க நிபுணர்’ என்று வரும்போதெல்லாம் யாரைச் சொல்கிறார்கள் என்று தேடவேண்டியிருக்கிறது. ஸ்கேன் பார்த்துச் சொல்பவர், கதிர் வைத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருபவர், கதிரியக்க மருந்து கொடுப்பவர் ஆகிய மூவருக்கும் எம்.டி. படிப்பே வேறு வேறு. முதலாமவர் துறைக்குக் கதிரியல் என்று இருக்கட்டும். இரண்டாவதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை. நடுவில் ச் போட்டால் நாக்கு சுளுக்கும் என்பவர்கள் கதிர் சிகிச்சை என்று சுருக்கிக்கொள்ளலாம். மூன்றாவது அணு மருத்துவம்.

அக்காவின் படிவத்தில் பேனாவால் ‘இயக்க’ என்பதை அடித்து ‘வீச்சு’ என்று எழுதிக் கொடுத்தேன், உடம்பில் எதுவும் தங்காது என்றும் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் எந்திரத்தை ஓட்டும் பெண்ணிடமே கேட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் பேரன் மடியில் இருந்தான். இப்போதும் ‘கரண்ட் வச்சுட்டு வந்தேன்’ என்றுதான் சொல்கிறார். நான் திருத்தவில்லை.