கருவேலங்கரியில் வேகும் பன்றிக்கறி

ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆள் கிடையாது. அந்த முள்மரத்துக்கு நெருங்கிய சொந்தமான மெஸ்கீட்டைத்தான் அமெரிக்காவின் டெக்சாசில் கறிக்குப் புகை போட எரிக்கிறார்கள். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் சாலையோரச் சின்னக் கடை ஒன்று பன்றிக்கறியை நாள் முழுக்கப் புகையில் வேகவைக்க நினைத்தால் விறகுக்கு அலைய வேண்டாம். ஆனால் பச்சை விறகாகத் திணித்தால் கறி கசந்துவிடும்.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சுமார் 400 டிகிரியில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பொருள்கள் பிறக்கின்றன. புகை வாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். விறகு ஈரமாக இருந்தாலோ காற்று போதாமல் போனாலோ எரிவது அரைகுறையாகி, தார் கலந்த வெள்ளைப் புகை கிளம்பும். அது கறியில் படிந்தால் வாயில் மருந்து வாடைதான். நல்ல புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, லேசான நீலம்.

மெஸ்கீட் புகை காட்டமானது என்பதால் டெக்சாசில் பலர் அதைத் தனியே எரித்துத் தணலாக்கிய பிறகே கறிக்கு அடியில் தள்ளுகிறார்கள். கமுதி, முதுகுளத்தூர் கரிமூட்டங்களில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மண் பூசி, காற்றை அடக்கி, நாள்கணக்கில் கனியவிடும்போது ஈரமும் தாரும் வெளியேறிவிடுகின்றன. ஆகவே சூட்டுக்குக் கரி. வாசத்துக்கு ஆறு மாதம் காய்ந்த கட்டையில் கைப்பிடி அளவு மூன்று நான்கு துண்டு போதும். இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம்.

கரையொதுங்கிய மரமும் உடைத்த வள்ளத்துப் பலகையும் கூடவே கூடாது. உப்பேறிய மரம் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். பலகையில் பெயின்ட் வேறு.

சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் இரும்பு டிரம்மே அடுப்பு. அடியில் கரிக்கூடை, அதற்கு இரண்டடி மேலே கம்பி வலை (துத்தநாகம் பூசியது ஆகாது), கீழே காற்றுத் துளை, மூடியில் புகைத் துளை. மேல் துளையை முழுக்கத் திறந்துவிட்டு, கீழ்த் துளையைக் கூட்டிக் குறைத்தே சூட்டை 110 டிகிரியில் நிறுத்த வேண்டும். கச்சான் காற்று அடிக்கும்போது கீழ்த் துளை காற்றைப் பார்த்து இருந்தால் கரி தகதகவென்று சிவந்து சூடு எகிறும். டிரம்மைத் திருப்பி வைத்தால் அடங்கிவிடும்.

எலும்போடு தோள்பகுதி 4 கிலோ என்றால் உப்பு 60 கிராம், மிளகுத்தூள் 20, முண்டு மிளகாய்த்தூள் 15. முதல் நாள் இரவே தடவி ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த குளிரோடு வலையில் ஏற்ற வேண்டும். குளிர்ந்த, ஈரமான பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும்.

நான்கைந்து மணி நேரத்தில் கறியின் உள்சூடு 65ஐத் தாண்டும். அங்கேதான் ஆட்டம். கறியில் செருகிய வெப்பமானியின் முள் நகராமல் இரண்டு, மூன்று மணி நேரம் அப்படியே நிற்கும். கறியிலிருந்து கசியும் நீர் ஆவியாகி, வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல, வருகிற சூட்டைத் தின்றுவிடுகிறது. பொறுமை இழந்து கரியை அள்ளிப் போட்டால் மேல்பக்கம் கருகும், உள்ளே ரப்பராகவே இருக்கும். மேற்பரப்பு கருஞ்சிவப்பில் உலர்ந்ததும் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, மேலே ஃபாயில் சுற்றினால் ஆவி அடைபட்டு முள் மறுபடி ஏறும்.

71 டிகிரியிலேயே கறி பயமில்லாமல் சாப்பிடும் நிலைக்கு வந்துவிடும். ஆனால் மெல்ல முடியாது. தசைநார் சுருங்கிச் சாறு வெளியேறியிருக்கும், தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் இன்னும் முழுசாகக் கரைந்திருக்காது. அது ஜெலட்டினாக இளகி நாருக்குள் வழவழப்பாகப் பரவ 90, 95 வரை மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். மொத்தம் பத்து, பன்னிரண்டு மணி நேரம். எலும்பை ஆட்டினால் கழன்று கையோடு வரும். பொதிந்தபடியே துண்டு சுற்றி, மீன் வாடை ஏறாத புது ஐஸ்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துப் பிய்த்தால் சாறு தட்டில் ஓடாது. விற்று முடியும் வரை சூடு 60க்குக் கீழே இறங்கக் கூடாது.

4 கிலோவில் எலும்பும் நீரும் கொழுப்பும் போக மிஞ்சுவது இரண்டு, இரண்டரை கிலோதான். விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

வெட்டிய துண்டின் ஓரத்தில் ரோஸ் நிறம் கண்டு ‘வேகவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது. கறி 60 டிகிரியைத் தொடுவதற்குள் படிந்தது, பிறகு எவ்வளவு வெந்தாலும் போகாது. விளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்குள் வளையமாக நிற்கும். நடுக்கறி சிவந்து, எலும்பைவிட்டுப் பிரிய மறுத்தால் மட்டும் தட்டைத் திருப்பி அனுப்புங்கள்.