கருணை மட்டும் போதுமா? செவிலியர் தொழில் நிலைபெற்ற கதை

சர்வதேச செவிலியர் தினமான மே 12 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் செவிலியருக்குப் பாராட்டு நடக்கும். சால்வை போடுவார்கள், குழந்தைகள் பாடுவார்கள், பேச வருகிற ஒவ்வொருவரும் தியாகம், கருணை, தாயுள்ளம் என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள், செவிலியரான நாங்களும் மனதார வாங்கிக்கொள்கிறோம். ஆனால் பயிற்சி, கணக்கு, சட்டம் ஆகியவற்றைப் பற்றி அந்த மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இந்தத் தொழில் நிற்பது அந்த மூன்றின் மேல்தான். அது தெரியாததால் நம் குடும்பங்களுக்கு வரும் தொல்லைகளை வார்டிலும் வீடுகளிலும் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றதும் கையில் விளக்கோடு இருட்டில் நடந்துவரும் ஒரு பெண்தான் எல்லார் நினைவிலும் வருவார். 1820இல் பிறந்த அவர், வீட்டாரின் எதிர்ப்பை மீறி 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்துக்குப் போய் நோயாளிகளைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டார். தியோடர் ஃபிளீட்னர் என்ற பாதிரியார் 1836இல் அங்கே தொடங்கிய பயிற்சி இல்லம் அது. 1854 நவம்பரில், பிரிட்டன் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரின்போது, 38 பெண்களோடு ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் போய் இறங்கினார். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதி அது. அவர் போன பிறகும் அங்கே சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் செத்தது குண்டுக் காயத்தால் இல்லை. வயிற்றுப்போக்கு, காலரா, டைஃபஸ் காய்ச்சல். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது.

மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. சாக்கடையை அலசிவிட்டு, குப்பையை அள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தது. ஜூன் வாக்கில் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. ஊர் திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து மாதவாரியாக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அன்பும் உழைப்பும் எவ்வளவு கொட்டினாலும், காற்றும் தண்ணீரும் கெட்டுக் கிடந்தால் நோயாளி பிழைக்க மாட்டான் என்று அந்த எண்கள் காட்டின. 1858இல் அவர் வெளியிட்ட வட்ட வரைபடம் இன்றும் புள்ளியியல் வகுப்பில் பாடம். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரிலான பயிற்சிப் பள்ளி திறந்தது. பார், எண்ணு, எழுதி வை என்ற பழக்கம் இந்தத் தொழிலுக்குள் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. விளக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் மாணவிகள் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

அதே போரில் ஜமைக்காவிலிருந்து வந்த மேரி சீகோல் என்ற கறுப்பினப் பெண்ணையும் மறக்கக் கூடாது. அரசு அவரைச் செவிலியராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தக் காசில் கிரிமியாவுக்குப் போய், போர்முனைக்கு அருகிலேயே வீரர்களைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் நைட்டிங்கேல் சொன்னது சரியில்லை என்பது என் கருத்து. செவிலியருக்கு அரசுப் பதிவேடு வேண்டும் என்று கேட்டவர்களை அவர் எதிர்த்தார். நல்ல குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். குணத்தை அளக்க முடியாதுதான், ஆனால் படுத்துக் கிடக்கும் நோயாளிக்குத் தன் பக்கத்தில் நிற்பவர் படித்தவரா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கு முதல் பதில் கொடுத்தது நம் நாடு. வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில் ஹென்ரியெட்டா ஸ்டாக்டேல் என்ற ஆங்கிலிக்கன் சகோதரி, தூசியும் காய்ச்சலும் நிறைந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கி, பதிவுக்காக விடாமல் வாதாடினார். 1891இல், கிம்பர்லி அடங்கிய கேப் காலனியின் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றியது. உலகத்திலேயே அதுதான் முதல்முறை. இங்கிலாந்துக்கு அது வர 1919 ஆயிற்று.

1908 ஜனவரியில் அந்தப் பதிவேட்டில் செசிலியா மகிவானே என்ற பெயர் ஏறியது. அலிஸ் ஊருக்குப் பக்கத்தில் பிறந்து, லவ்டேல் மிஷன் மருத்துவமனையில் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் அவர். 1919இல் நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துவிட்டார். அவர் பெயரில் ஈஸ்ட் லண்டனுக்குப் பக்கத்தில் மடன்சானேயில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நம் ஜனங்கள். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள், அவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். கரும்புத் தோட்ட வரிசை வீடுகளில் பிரசவம் பார்த்தது வயதான பெண்கள். அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, ஆளைத் தனியாக வைத்து, குளிர்ச்சியான ஆகாரம் கொடுத்தார்கள். மாரியம்மன் பேரில் செய்தாலும் அந்தத் தனிமைப்படுத்தலில் அனுபவ அறிவு இருந்தது, அதை நான் மதிக்கிறேன்.

1899இல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழி வந்த போயர்களுக்கும் இடையே போயர் போர் வந்தபோது காந்தி ஒரு இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர், அவர்களில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். டர்பனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் பூத் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஸ்பியன் காப் மலைப் பக்கம் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்திருக்கிறார்கள். பதக்கம் கிடைத்ததோ தலைவர்களுக்கு மட்டும். தோளில் சுமந்த அந்த 800 பேரில் எத்தனை முனுசாமிகளும் கோவிந்தன்களும் இருந்திருப்பார்கள்!

அதைவிட என்னை அதிகம் பாதித்தது 1904. ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் வந்தது. 23 இந்தியத் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். காலியாக இருந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து அவர்களை உள்ளே சேர்த்தார்கள். காந்தியும் அவருடைய அலுவலகத்து இளைஞர்களும் பார்த்துக்கொண்டார்கள். நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் வில்லியம் காட்ஃப்ரே, மருத்துவராகவும் செவிலியராகவும் கூடவே நின்றார். நகராட்சி ஒரு நர்ஸை அனுப்பியது. அந்தம்மா நோயாளிகளைத் தானே கவனிக்கத்தான் ஆசைப்பட்டார், தொற்றிவிடுமே என்று இவர்கள் அதிகம் தொடவிடவில்லை. அந்த 23 பேரில் பிழைத்தவர்கள் இருவர். சில நாளில் அந்த நர்ஸும் பிளேக் வந்து இறந்தார். காந்தி தன் சுயசரிதையில் அவரை நல்ல மனசுக்காரர் என்று எழுதுகிறார், பெயரை எழுதவில்லை. நான் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த வரியில் நின்றுவிடுகிறேன். அந்தச் சம்பவத்தைக் காந்தியின் கதையாக மட்டுமே நாம் சொல்லிவருகிறோம். சம்பளத்துக்கு வேலைக்கு வந்து, அந்த வேலையிலேயே உயிரைவிட்ட ஒருவரும் அங்கே இருந்தார்.

பதிவேடு நல்லது என்றேன். அதே பதிவேட்டை வைத்தே ஜனங்களைப் பிரித்ததும் இந்த நாடுதான். 1944இல் தென்னாப்பிரிக்கச் செவிலியர் கவுன்சில் உருவானது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இனவாரியாகத் தனித்தனிப் பதிவேடு வைத்தது, கவுன்சிலில் வெள்ளையர் மட்டும் உட்காரலாம் என்றது. ஒரே தேர்வு எழுதி, ஒரே வேலை பார்த்து, குறைந்த சம்பளம் வாங்கிய தலைமுறை அது. 1958இல் அடையாள எண் கேட்டபோது, கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறார்கள் என்று புரிந்துகொண்ட கறுப்பினச் செவிலியர் எதிர்த்து நின்றார்கள். இனவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆல்பர்ட்டினா சிசுலு ஒரு செவிலியர் என்பதை அரசியல் பேசுபவர்கள் விட்டுவிடுகிறார்கள், நான் விடமாட்டேன். நம்மவர்களுக்கு வேலையும் பயிற்சியும் டர்பனின் கிங் எட்வர்ட் போன்ற மருத்துவமனைகளில். பிறகு குடும்பம் குடும்பமாக, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் புறநகருக்கு விரட்டப்பட்டபோது 1969இல் அங்கே ஆர்.கே.கான் மருத்துவமனை வந்தது. அந்தக் காலத்து மேட்ரன்கள் சிலரிடம் வேலை கற்றவர்கள் எங்களுக்கு மூத்தவர்களாக இருந்தார்கள். போர்வை மடிப்பிலிருந்து மருந்துச் சார்ட் வரை அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சரி, பயிற்சி என்றால் என்ன என்று ஒரு சின்ன வேலையை வைத்துச் சொல்கிறேன். இரவு ஷிஃப்டில் நான் உங்கள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாடி பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டேன். என் கண் அவர் நெஞ்சின் மேல் இருக்கும், மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணுகிறேன் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். மாலையில் 16, நள்ளிரவில் 20, இரண்டு மணிக்கு 26 என்று ஏறினால் பிபி நன்றாக இருந்தாலும் டாக்டரை எழுப்புவேன். உடம்பு சீர்கெடுவதைப் பல நேரம் முதலில் சொல்வது மூச்சுதான். அப்போது வந்து சிஸ்டர், தலையணை வேண்டும் என்று கூப்பிட்டால் நான் திரும்பாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை.

படுக்கைப்புண்ணும் அப்படித்தான். தோல் சிவந்து, அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் ஆரம்பம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் சிவப்பு தெரியாது. ஊதாவாகவோ சுற்றியிருப்பதைவிடக் கறுப்பாகவோ தெரியும், தொட்டால் சூடாக அல்லது கெட்டியாக இருக்கும். விரல் பின்புறத்தால் இடுப்பெலும்பு, பிட்டம், குதிகால் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பாட்டியைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் வைத்திருக்கிறோம் என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். விசாரித்தால் வீட்டுப் பராமரிப்பாளர். குளிப்பாட்டுவார், சோறு ஊட்டுவார், பிரியமாக இருப்பார். அந்த வேலைக்கும் மதிப்பு உண்டு, நல்ல சம்பளம் கொடுங்கள். ஆனால் இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைக்கச் சொல்லி அவர் தலையில் கட்டாதீர்கள், அது அவருக்கும் ஆபத்து. நர்ஸ் என்று சொல்லி ஏஜென்சி பணம் வாங்கினால் செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. பதிவு இருக்கிறதா என்பதோடு இந்த ஆண்டுக்கான அனுமதி நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். தோளில் அரக்கு நிறப் பட்டை வைத்திருக்கும் எங்களிடமும் கேளுங்கள். அதன் மேலுள்ள பச்சைக் கோடு பேறுகாலப் படிப்பைக் குறிக்கும், மஞ்சள் சமூக சுகாதாரப் படிப்பைக் குறிக்கும்.

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் அதிகம். கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா சொல்லுங்கள் என்போம். சிலர் நான் மூன்று இடம் தொட்டு முடித்த பிறகு, "இன்னும் ஆரம்பிக்கலையா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். அதே பாதத்தோடு பிப்ரவரி வெயிலில் காவடி எடுத்துத் தார்ச்சாலையில் நடப்பவர்கள் உண்டு, புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரில் பூக்குழி இறங்குபவர்கள் உண்டு. பக்தியில் நான் தலையிடவில்லை, என் வீட்டிலும் காவடி எடுக்கிறோம். ஆனால் உணர்ச்சி செத்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது, நாலு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். விரதம் தொடங்குவதற்கு முன்பே வந்து பாதத்தைக் காட்டுங்கள். விரத நாட்களில் மாத்திரையையும் இன்சுலினையும் எப்படி வைத்துக்கொள்வது என்றும் அப்போதே பேசிவிடலாம். நடந்து முடிந்த அன்றிரவு வெளிச்சத்தில் விரலிடுக்கு வரை வேறொருவர் பார்க்கட்டும்.

பெண் பிள்ளைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்றால் நர்சிங் என்று சொல்லும் பெற்றோருக்கும் ஒன்று. 2010க்குப் பிறகு இந்த நாட்டின் கிளினிக்குகளில் எச்ஐவி மருந்தைத் தொடங்கி வைப்பதும் தொடர்ந்து கவனிப்பதும் பெரும்பாலும் பயிற்சி பெற்ற செவிலியர்தான். எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தில் அதற்கு முன் நாங்கள் பார்த்த வார்டுகளையும் இப்போது பார்க்கும் வார்டுகளையும் ஒப்பிடவே முடியாது. ஆண் பிள்ளைகளும் வரலாம், எங்கள் வார்டில் இருக்கிறார்கள். புதிய பாடத்திட்டத்தில் ஓராண்டு படித்தால் துணைச் செவிலியர், மூன்றாண்டு டிப்ளமா முடித்தால் பொதுச் செவிலியர், நான்காண்டு பட்டம் வாங்கினால் பேறுகாலத் தகுதியும் சேர்ந்த முழுச் செவிலியர். அங்கீகாரம் இல்லாத கல்லூரிகள் விளம்பரம் போட்டுப் பணம் வாங்கிவிட்டு, கடைசியில் பதிவு செய்ய முடியாத சான்றிதழைக் கையில் கொடுத்த கதைகள் இங்கே உண்டு. கட்டணம் கட்டும் முன் கல்லூரியின் பெயரும் அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் கவுன்சிலையே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள்.