பொலிஸாருக்கான பணம் குறைந்தபோது என்ன குறைந்தது?

லண்டனில் கைதானவர்களுக்குப் பொலிஸ் நிலையத்தில் சட்ட ஆலோசனை வழங்கும் சட்டத்தரணியாக நான் பணி தொடங்கிய காலத்தில், பிணையில் வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும் எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்று இருக்கும். 2017 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, குற்றஞ்சாட்டுவதற்கு முந்தைய பிணையை முதற்கட்டமாக 28 நாட்களுக்குள் அடக்கியதும், அந்தத் தாளிலிருந்து தேதி மறைந்தது. ‘விசாரணை தொடரும் நிலையில் விடுவிப்பு’ என்ற பெயரில், காலக்கெடு எதுவுமின்றி ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். நீண்ட பிணையால் வாடியவர்களைக் காப்பதே சட்டத்தின் நோக்கம். ஆனால் துப்பறிவாளர்கள் இல்லாமல் திணறிக்கொண்டிருந்த நிலையங்களுக்கு அது கெடுவிலிருந்து தப்பும் வழியாயிற்று. 2022இல் விதியைத் திருத்தும்வரை, என் கட்சிக்காரர்களும் அவர்கள்மீது முறையிட்டவர்களும் ஒரே விடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இங்கு வாழும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது வேறு கேள்வி: “பொலிஸுக்குக் காசை வெட்டினதாலதானே களவு கூடினது?” ஆம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதி உண்மைதான்.

2010இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு, பொலிஸாருக்கான மத்திய மானியத்தை நான்கு ஆண்டுகளில் விலையேற்றம் கழித்த மதிப்பில் 20 சதவீதம் குறைக்கத் தீர்மானித்தது. உள்ளூர் வரியையும் சேர்த்துப் பார்த்தாலும், 2010-11 முதல் 2018-19 வரை பொலிஸாரின் வருவாய் 19 சதவீதம் இறங்கியதாகத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் கணக்கிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 144,000ஆக இருந்த அதிகாரிகள் 2018இல் 122,000 அளவுக்கு வந்தார்கள். இந்தச் சுமை எல்லோர்மீதும் ஒரேபோல் விழவில்லை. தன் பணத்தில் ஏறத்தாழ பாதியை உள்ளூர் வரியிலிருந்தே பெறும் சரே போன்ற வசதியான மாவட்டம் ஓரளவு தப்பியது; மத்திய மானியத்தையே நம்பியிருந்த மேற்கு மிட்லண்ட்ஸும் நோர்தம்பிரியாவும் அதிகம் இழந்தன. குற்றம் எங்கே அதிகமோ அங்கேயே கத்தி ஆழமாக இறங்கியது.

அப்படியிருந்தும், வீடுவீடாகச் சென்று மக்களிடம் கேட்டு எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பின்படி, 1995இல் உச்சத்தைத் தொட்ட குற்றம் வெட்டுக்குப் பின்னும் இறங்கிக்கொண்டே போனது. 2015 மேயில் பொலிஸ் சம்மேளன மாநாட்டில், அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே, புலி வருகிறது என்று கூச்சலிடுவதை நிறுத்துங்கள் என்ற பொருளில் அதிகாரிகளைக் கடிந்துகொள்ள இந்த எண்களே அவருக்குத் துணிவைத் தந்தன. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் கொலை வராது, ஏனெனில் இறந்தவரிடம் கேள்வி கேட்க இயலாது; கடையில் போன களவும் வராது, ஏனெனில் அது வீடுகளை மட்டுமே கேட்கிறது. வீட்டில் இருப்பதைவிடக் கடையில் அதிக நேரம் நிற்கும் நமது சமூகத்தில், அந்தக் கணக்கில் ஏறாத இழப்புகள் ஏராளம்.

பொலிஸாரின் பதிவேட்டை நம்பலாமா என்றால், அதற்கும் ஒரு குறை உண்டு. தங்களிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை அவர்கள் பதியவேயில்லை என்று 2014இல் பொலிஸ் பணியைப் பரிசோதிக்கும் மேற்பார்வை அமைப்பு கண்டறிந்தது. அதன்பின் பதிவு சீரானதால், குற்றம் கூடாத இடத்திலும் எண் கூடியது. ஆகவே நான் பார்ப்பது, மறைக்க இயலாத எண்ணைத்தான். 2014 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் 530 அளவில் இருந்த கொலைகள், 2018 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் 700ஐத் தாண்டின. கத்திக் குற்றங்களும் அதே காலத்தில் ஏறின.

இதற்கு வெட்டுதான் காரணமா? 2018இல் வெளியே கசிந்த உள்துறை அமைச்சின் ஆவணம் ஒன்று, அதிகாரிகள் குறைந்தது இந்த வன்முறையைத் தொடங்கிவைத்திருக்காது, ஆனால் தொடர்வதற்கு இடம் கொடுத்திருக்கலாம் என்று கூறியது. நான் வாசித்தவற்றுள் மிகவும் நிதானமான கணிப்பு அதுவே. அதே ஆண்டுகளில் நகர சபைகள் இளைஞர் மன்றங்களை மூடின. போதைப்பொருள் சந்தையும் மாறியது. ஸ்கொட்லாந்து 17,000க்கு மேற்பட்ட அதிகாரிகளைக் குறைக்காமல் வைத்திருந்தது. அங்கே கத்திக் குற்றம் தணிந்தது. ஆனால் கிளாஸ்கோவில் 2005இலேயே தொடங்கிய வன்முறைத் தணிப்புப் பிரிவுக்கும் அதில் பங்கு உண்டு. எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. 2005 ஜூலைக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஆறு வாரங்கள் மத்திய லண்டனில் பொலிஸாரை 30 சதவீதத்துக்கும் மேல் கூட்டியபோது அங்கே குற்றம் இறங்கியது. பொலிஸ் 10 சதவீதம் கூடினால் குற்றம் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று பொருளியலாளர்கள் அதிலிருந்து கணித்தார்கள். இந்த விளைவு உண்மையானதுதான், ஆனால் அரசியல் மேடைகள் சொல்லும் அளவுக்குப் பெரியதன்று.

தடுப்பறைப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு, வெட்டின் முதல் விளைவு குற்றம் கூடியதாகத் தெரியவில்லை. குற்றத்துக்குப் பின் நடக்க வேண்டியவை நின்றுபோனதாகவே தெரிந்தது. 2015 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் பதிவான குற்றங்களில் ஏறத்தாழ 16 சதவீதம் குற்றச்சாட்டு வரை சென்றன. 2022இல் அது 5.6 சதவீதம். பதிவு சீரானதும் இந்த விகிதத்தைக் குறைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், கைப்பேசியொன்றை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த, ஒரே நேரத்தில் பல கோப்புகளைச் சுமந்த துப்பறிவாளர்களின் முகங்கள் எனக்குப் பழக்கமானவை.

2019இல் பிரதமரான போரிஸ் ஜோன்சன் 20,000 பேரைச் சேர்ப்பதாக அறிவித்தார். 2023 மார்ச்சில் அதிகாரிகளின் எண்ணிக்கை 149,000ஐத் தாண்டியது. ஆனால் போன அனுபவம் திரும்பவில்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் ஐந்தாண்டுச் சேவை கூட இல்லாதவர்கள். அடுத்த ஆண்டிலேயே, பதிவான கடைக் களவு 440,000ஐத் தாண்டி இருபது ஆண்டுகளில் காணாத உயரத்தை எட்டியது. 2014இல் வந்த சட்டம் 200 பவுண்டுக்கு உட்பட்ட கடைக் களவைச் சிறு வழக்காக்கியதால், அது குற்றமே அன்று என்ற எண்ணம் கடைக்காரர்களிடமும் பரவியது. அது தவறான எண்ணம். 20 பவுண்டு களவும் குற்றமே.

“தம்பி, கோல் பண்ணி என்ன பிரயோசனம்? நம்பர் ஒண்டு தருவினம், அவ்வளவுதான்” என்று கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த நம்பரே, அதாவது முறைப்பாட்டைப் பதிந்து தரும் குற்ற எண்ணே, பிரயோசனம்; எந்த வீதிக்கு எத்தனை பேரை அனுப்புவது என்பதை அதுவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. சிசிடிவிப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், பொலிஸார் கேட்கும்வரை காத்திராமல் அன்றே பிரதி எடுங்கள். தாலிக்கொடி உட்பட நகைகளை அளவுகோலுடன் படமெடுத்து வையுங்கள். உருக்கிய தங்கத்துக்கு அடையாளம் கிடையாது. சந்தேகநபரை விசாரித்த பின்னர் வழக்கைக் கைவிட்டால், அந்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு.

சில காலத்துக்கு முன் ஒரு விசாரணை அறையில், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமேயான இளம் அதிகாரி ஒருவர், ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொப்பியை மேசையில் வைத்தார். பதினான்கு களவுகளுக்கும் நாள், நேரம், பொருள், விலை, குற்ற எண் எல்லாம் நீல மையில் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் படமும் இருந்தது. நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கட்சிக்காரருடன் தனியே பேச அரை மணி நேரம் கேட்டேன்.