சாண்ட்பாக்ஸ்: மணல்தொட்டியா, வரம்புக்களமா?

மென்பொருள் சோதனை எழுதுகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் சாண்ட்பாக்ஸ். "டெஸ்ட் சாண்ட்பாக்ஸுக்குள்ளதான் ஓடுது, பயப்படாதீங்க" என்பார்கள். ஒரு நிரல் எதைத் தொடலாம், எங்கே எழுதலாம் என்று முன்கூட்டியே வரையறுத்து, அந்த எல்லைக்குள் மட்டும் அதை ஓடவிடும் ஏற்பாடுதான் அது. தானியங்கிச் சோதனைகளில் அதன் முதல் வேலை, கண்ட இடத்தில் கோப்பு எழுதவிடாமல் தடுப்பது.

சாண்ட் என்றால் மணல், பாக்ஸ் என்றால் பெட்டி. எழுதிய மை காய்வதற்காகத் தாள்மேல் தூவும் பொடியை வைத்திருந்த டப்பாவுக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இருந்தது. சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் கொட்டும் ரயில் எஞ்சின் பெட்டிக்கும் இதே பெயர். குழந்தைகள் மணலில் விளையாடும் தொட்டியை அமெரிக்கர்கள் இப்படி அழைக்கிறார்கள். கணினி உலகம் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசிப் பொருளை.

1993இல் ராபர்ட் வாபே உள்ளிட்ட பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் 'சாண்ட்பாக்ஸிங்' என்ற சொல் ஒரு குறிப்பிட்ட நுட்பத்துக்குப் பெயராக வருகிறது. நம்பகமில்லாத நிரல் நினைவகத்தில் எங்கே எழுதப் போனாலும், அந்த முகவரி எண்ணின் முன்பகுதியை (மேல் பிட்டுகளை) மாற்றி, அதற்கென ஒதுக்கிய பகுதிக்குள்ளேயே அது எழுதும்படி செய்வது. ஆக, நிரல் எங்கே எழுதலாம் என்று கட்டுப்படுத்துவது இந்தச் சொல்லோடு தொடக்கத்திலிருந்தே ஒட்டி வந்திருக்கிறது. அப்புறம் இணையப் பக்கங்களுக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட்டுகள் என்னும் சிறு நிரல்கள் வந்தபோது சொல் பரவலாகிவிட்டது.

சோதனையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜென்டூ லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் நன்றாகப் பார்க்கலாம். அங்கே மென்பொருளைப் பெரும்பாலும் மூலநிரலிலிருந்து பயனரின் கணினியிலேயே கட்டுகிறார்கள். விரும்பினால், கட்டி முடித்த கையோடு அதன் சோதனைகளையும் ஓட்டலாம். யாரோ எழுதிய சோதனை நம் கணினியில் ஓடுகிறது. அது நம் வீட்டு அடைவில் உள்ள அமைப்புக் கோப்பை மாற்றிவிட்டால்? அதனால் மென்பொருள்களைக் கட்டி நிறுவும் போர்டேஜ் என்னும் தொகுப்பு மேலாளர், ஒரு சிறு நூலகத்தை (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல்தொகுதியை) முன்கூட்டியே ஏற்றிவிடுகிறது. கோப்பைத் திற, அழி, பெயர் மாற்று என்று சோதனை கேட்கும்போதெல்லாம் அந்த நூலகம் இடைமறித்து, பாதை அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அனுமதி மறுப்புப் பிழையைத் திருப்பும், பதிவும் செய்யும். முடிவில் மீறல்களின் பட்டியலைக் காட்டிக் கட்டுமானம் நின்றுவிடும்.

வரைகலைச் சோதனைகள் இதில் அடிக்கடி மாட்டும், ஏனென்றால் அவை வரைகலை அட்டையின் சாதனக் கோப்பை எழுதத் திறக்கப் பார்க்கும். அந்த மென்பொருளை ஜென்டூவுக்காகத் தயார்செய்பவருக்கு அப்போது இரண்டு கட்டளைகள் உண்டு. 'ஆட்ரைட்' என்றால் அந்தப் பாதையில் எழுத அனுமதி. 'ஆட்பிரெடிக்ட்' என்றால் எழுத அனுமதி மறுக்கப்படும், ஆனால் கட்டுமானம் நிற்காது. என்னைக் கேட்டால் முதலில் இரண்டாவதைத்தான் முயல வேண்டும். சோதனை அதிலேயே தேறிவிட்டால் கதவைத் திறக்கவே தேவையில்லை.

நூலகத்தைக் கொண்டு இடைமறிக்கும் இந்த முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. நிலையாக இணைக்கப்பட்ட நிரல்களை, அதாவது தமக்கு வேண்டிய நூலகங்களைத் தம்முள்ளேயே வைத்திருப்பவற்றை, அது பிடிக்காது. அவற்றுக்கு ஜென்டூ வேறு வழியில் கண்காணிப்பு வைக்கிறது. உறுதியான தடை இயங்குதளத்தின் மையப்பகுதியான கருனலிலிருந்துதான் வர வேண்டும். 2021இல் லினக்ஸ் 5.13இல் சேர்ந்த லேண்ட்லாக் அப்படிப்பட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ் விக்கிப்பீடியா 'மணல்தொட்டி' என்கிறது. தொகுத்துப் பழகும் பக்கத்துக்கு அது பொருத்தம், நிலைத்தும் விட்டது. மணல் விளையாட்டுக்கு நம்மிடம் 'சிற்றில்' என்ற அழகான பழஞ்சொல்லும் உண்டு. பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், மணல் வீடு கட்டும் சிறுமியர் அதைச் சிதைக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையைக் கெஞ்சுவார்கள். ஆனால் சிற்றில் என்பது கட்டிய வீடு. அதைச் சுற்றி எல்லை எதுவும் இல்லை. மணல்தொட்டி என்றாலும் நம் காதில் விளையாட்டுதான் விழுகிறது, தடை விழுவதில்லை.

'கட்டுப்பெட்டி' என்றால் பழமைவாதி என்று பொருளாகிவிடும். 'அடைகளம்' எனலாம், ஆனால் வாய்ச்சொல்லில் அது 'அடைக்கல'த்தோடு குழம்பும். என் பரிந்துரை 'வரம்புக்களம்'. களம் என்பது ஆடுகளம், நெற்களம் என்று வேலை நடக்கும் இடத்துக்கு ஏற்கெனவே பழகிய சொல். வரம்பு என்பது வயலின் எல்லையையும் குறிக்கும், நடத்தையின் எல்லையையும் குறிக்கும். இதோடு இன்னொரு வசதியும் கிடைக்கிறது: அனுமதியில்லாத இடத்தில் எழுத முயல்வதை 'வரம்புமீறல்' என்று சொல்லிவிடலாம், அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. "இந்தச் சோதனையை வரம்புக்களத்தில் ஓட்டியபோது மூன்று வரம்புமீறல்கள் பதிவாகின" என்று எழுதினால், படிக்கிறவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.